சிறிய கைத்துப்பாக்கிக்கு எந்தப் பை? நீண்ட கார்ப் பயணத்துக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். டெக்சாஸில் துப்பாக்கியை மறைவாக எடுத்துச் செல்லப் பெர்மிட் வாங்கி, சிறிய 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வைத்திருப்பவர். குடும்பத்தோடு காரில் ஆர்கன்சா, டென்னசி, வர்ஜீனியா வழியாக நியூ ஜெர்சி வரை போகிறார். நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்தால் இடுப்பு ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) விலாவில் குத்துகிறது. அதனால், பார்த்தவுடன் "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று யாருக்கும் தோன்றாத ஒரு பை வேண்டும். திரும்பி வருவது ஒருவேளை விமானத்தில்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மார்பின் குறுக்கே மாட்டும் சிறிய ஸ்லிங் பை வாங்குங்கள். துப்பாக்கிக்கென்று தனி அறை இருக்க வேண்டும். அந்த அறைக்குள் டிரிகரை (சுடும் விசையை) முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் அசையாமல் பொருந்த வேண்டும். சாம்பல், கருநீலம் மாதிரி யாரும் திரும்பிப் பார்க்காத நிறம் போதும். அப்புறம், அந்தப் பையை வேறு எந்த வேலைக்கும் எடுக்காதீர்கள். விமானத்துக்குள் எடுத்துப் போகும் பையாக அது ஒருநாளும் ஆகக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காரணம் எளியது. மறைத்து வைக்கும் பை மற்றவர்கள் கண்ணிலிருந்து துப்பாக்கியை மறைக்கும் அதே நேரத்தில், வைத்திருப்பவர் நினைவிலிருந்தும் மறைத்துவிடுகிறது. இடுப்பில் இருக்கும்போது அரை கிலோ இரும்பு நொடிக்கு நொடி தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். பையில் போட்டு மூலையில் வைத்துவிட்டால் மூன்றாம் நாள் அது வெறும் பைதான். 2023இல் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் சுமார் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. கடத்த நினைத்து மாட்டுகிறவர்கள் இதில் சொற்பம். "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பதுதான் அங்கே அதிகம் கேட்கிற வாக்கியம். நல்ல பை என்று நான் சொல்லும்போது, சொந்தக்காரரை மறக்க விடாத பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பை எப்போதும் இரண்டாவது தேர்வுதான். உடம்பில் இருக்கும் துப்பாக்கியை யாரும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது, ஹோட்டலில் நாற்காலியில் மாட்டி மறந்துவிட்டு வரவும் முடியாது. பை அப்படியில்லை. இடுப்பில் குத்துவது மட்டும்தான் பிரச்சினை என்றால், முதலில் ஹோல்ஸ்டரை முன்பக்கம் நகர்த்திப் பாருங்கள், பெல்ட்டை ஒரு துளை தளர்த்திப் பாருங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். துப்பாக்கியைச் சும்மா ஒரு அறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவது மிக ஆபத்தான பழக்கம். லிப்ஸ்டிக், சாவிக்கொத்து, பேனா, ஏன், பையின் உள்துணி மடிப்பேகூட டிரிகர் வளையத்துக்குள் நுழையலாம். இப்போதைய சிறிய பிஸ்டல்கள் பலவற்றில் டிரிகரைத் தடுக்க, கையால் தள்ளும் சேஃப்டி கிடையாது. டிரிகர் பின்னால் போனால் சுடும், அவ்வளவுதான். எனவே கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் அந்த மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வேண்டும். பையோடு இலவசமாக வரும் எலாஸ்டிக் பட்டை எதையும் நம்பாதீர்கள். அது துப்பாக்கியைப் பிடித்து நிறுத்தும், டிரிகரைக் காப்பாற்றாது. வெளியிலிருந்து அழுத்தினால் அந்த எலாஸ்டிக் வழியாகவே டிரிகர் அமுங்கும். வெறுங்கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

பெரும்பாலான பைகளில் உள்சுவர் முழுக்க வெல்க்ரோ ஒட்டியிருக்கும், ஹோல்ஸ்டரின் பின்புறத்தில் அதன் ஜோடி இருக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சிறிய ஒட்டு போதாது. துப்பாக்கியை உருவும்போது ஹோல்ஸ்டரும் சேர்ந்து பெயர்ந்து வந்தால், டிரிகர் மூடிய நிலையில் கையில் ஒரு பயனற்ற கட்டி இருக்கும். உள்ளங்கை அகலத்துக்காவது ஒட்டும் பரப்பு வேண்டும். வெல்க்ரோவில் நூல் தூசி சேரச் சேரப் பிடிமானம் குறையும். சீப்பால் சுரண்டி அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். கீழே ஹோல்ஸ்டரைத் தாங்கும் ஒரு பட்டையோ, திருகு போட்ட கொக்கியோ உள்ள பை கிடைத்தால் அதுவே மேல்.

அந்த அறையில் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் கூடாது. சார்ஜர் கூடாது, பபிள்கம் கூடாது, பணம் கூடாது. "ஒரு நிமிஷம்தானே" என்று பர்ஸை வைக்கிற அன்றைக்குத்தான், கடையில் பணம் எடுக்க எல்லோர் முன்னாலும் அந்த ஜிப்பைத் திறப்பீர்கள்.

குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு பெரிய கடைக்குள், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கையை விட்டது. உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்துத் தாய் அங்கேயே இறந்தார். அது சாதாரணப் பையல்ல. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு செய்த பை. பெர்மிட்டும் அவரிடம் இருந்தது. பை தள்ளுவண்டியில், குழந்தையின் பக்கத்தில் இருந்தது, அதுதான் விஷயம். ஆகவே குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் பையைக் கழற்றி வைக்கும் சூழல் ஒன்றாவது உங்கள் பயணத்தில் வரும் என்றால், ஜிப்பில் பூட்டுப் போடும் துளை உள்ள பையை வாங்கி, கழற்றும்போதெல்லாம் பூட்டிவிடுங்கள். அவசரத்துக்கு உதவாதே என்பார்கள் சிலர். கழற்றி வைத்த பை எப்படியும் அவசரத்துக்கு உதவாது.

இனி வெளித்தோற்றம். மறைவாக எடுத்துச் செல்ல என்று விற்கப்படும் பைகளில் பாதி, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். வெளிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகத் தைத்த ராணுவ நாடா, பேட்ச் ஒட்டுவதற்கான வெல்க்ரோ சதுரம், பாலைவன மண் நிறம், துப்பாக்கி உலகில் எல்லோருக்கும் தெரிந்த கம்பெனியின் லோகோ. இதைப் பார்த்ததும் போலீஸ்காரருக்குத் தெரியும், கார் கண்ணாடியை உடைக்கிற திருடனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வெர்டெக்ஸ் மாதிரி சில தயாரிப்பாளர்கள் இதை உணர்ந்து, அலுவலகத்துக்கும் ஜிம்முக்கும் போகிற பை மாதிரியே செய்கிறார்கள். கம்பெனிப் பெயரைவிட ஒரு சோதனை முக்கியம்: அந்தப் பையை மாட்டிக்கொண்டு ஒரு நூலகத்துக்குள் போனால் யாராவது இரண்டாவது முறை பார்ப்பார்களா? பார்க்க மாட்டார்கள் என்றால் சரியான பை.

இடுப்பின் முன்னால் கட்டும் ஃபேன்னி பேக்கைப் பலரும் கேட்கிறார்கள். பயன்பாட்டில் அது மோசமில்லை. உட்கார்ந்தாலும் கைக்கு எட்டும். ஆனால் எண்பதுகளிலிருந்தே துப்பாக்கிக்கென்று விற்றுவந்த வடிவம் அது. நடுத்தர வயது ஆண் ஒருவர் தடித்த கருப்பு ஃபேன்னி பேக்கோடு நின்றால், விஷயம் தெரிந்தவர்கள் யூகித்துவிடுவார்கள். இப்போது இளைஞர்கள் மார்பில் குறுக்கே மாட்டும் பழக்கம் வந்துவிட்டதால், அதே அளவுப் பை மார்பில் இருந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. முதுகுப் பை எனக்குப் பிடிக்காது. கழற்றாமல் எடுக்க முடியாது, பின்னால் யார் ஜிப்பைத் திறந்தாலும் தெரியாது. தோள் கைப்பை பறிப்பவனுக்கு வசதி. ஏற்கெனவே கைப்பையைத் தவிர வேறெதையும் எடுக்காதவர் என்றால் குறுக்கே மாட்டும் பட்டையுள்ளதாகப் பாருங்கள்.

அளவில் பலர் தவறுவது, துப்பாக்கியை மட்டும் அளந்து பை வாங்குவதில். சிக் பி365 போன்ற பிஸ்டல் நீளம் 5.8 அங்குலம், உயரம் 4.3 அங்குலம், காலியாக அரை கிலோ. பத்துத் தோட்டாவும் ஹோல்ஸ்டரும் சேர்ந்தால் முக்கால் கிலோவை நெருங்கும். க்ளாக் 19 என்றால் நீளம் 7 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல், தோட்டாவோடு முக்கால் கிலோவைத் தாண்டிவிடும், கூடவே ஹோல்ஸ்டர். கையை உள்ளே விட்டுப் பிடியை முழுதாகப் பற்றுவதற்குச் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் இடம் வேண்டும். அதே நேரத்தில் பை ரொம்பப் பெரிதாக இருந்தால் மெல்லிய துணி அந்த எடையில் ஒரு பக்கமாகத் தொங்கும். காலியான பையில் ஒரு மூலை மட்டும் இழுபட்டுத் தொங்குவதைப் போலக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. முதுகுப்புறத்தில் கெட்டியான தகடு வைத்துத் தைத்த பை இந்தத் தொங்கலைத் தடுக்கும். கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: துப்பாக்கி அறையில் முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்து, மாட்டிக் கண்ணாடியில் பாருங்கள். நடந்து பாருங்கள், குனிந்து பாருங்கள்.

ஜிப்புக்கு வருவோம். இரட்டை ஓட்டம் (இழுப்பான்) உள்ள பெரிய பல் ஜிப் நல்லது. இரண்டு ஓட்டங்களும் எப்போதும் ஒரே மூலையில் நிற்க வேண்டும், கை பழகிவிடும். இழுக்கும் இடத்தில் விரல் நுழையும் அளவு கயிற்று வளையம் இருந்தால் குளிரில் உறை போட்ட கையாலும் திறக்கலாம். காந்தத்தில் மூடும் பைகளைத் தவிர்க்கவும்; குனிந்தால் திறந்துகொள்ளும். ஜிப்பில் சிறு பூட்டு மாட்டினால் குழந்தைக்கும் விளையாட்டுக்கைக்கும் அது தடை. திருடனுக்குத் தடையில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனா முனையால் ஜிப் பற்களைப் பிளந்துவிடலாம் என்பது பை தைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

உள்துணியின் நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசுவேன். உள்ளே கருப்புத் துணி உள்ள பையில் ஒரு 9 மி.மீ. தோட்டா தையல் மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் வெளிச்சத்தில் பார்த்தாலும் கண்ணில் படாது. விரலை ஓட்டினால்தான் தெரியும். வெளிர் சாம்பலோ ஆரஞ்சோ உள்துணியாக இருந்தால் ஒரே பார்வையில் பளிச்சென்று தெரியும். வாங்கும்போது பையை உள்வெளியாகப் புரட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விமானப் பகுதியில் சொல்கிறேன்.

பட்டையில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று கட்டாயம் இருக்கும், ஒரு அழுத்தில் கழன்றுவிடும். பின்னாலிருந்து ஒருவன் அதை அமுக்கி இழுத்தால் துப்பாக்கி பையோடு போய்விடும். கொக்கி மார்புப் பக்கம், உங்கள் கண்ணுக்கு நேரே வரும்படி உள்ள பை நல்லது. தைத்த இடங்களில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

குழலின் திசை பற்றியும் யோசியுங்கள். வலக்கைக்காரர் மார்பில் ஸ்லிங் மாட்டினால் பிடி வலப்பக்கம் வரும், குழல் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வரிசையில் நின்றால் உங்கள் இடப்பக்கம் நிற்பவரை நாள் முழுதும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. இடக்கைக்காரர் அதே பையை மாட்டிக் கார் ஓட்டினால், பக்கத்து இருக்கையில் இருப்பவரை. டிரிகர் மூடியிருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆனால் எடுக்கும்போதும் வைக்கும்போதும் அந்தத் திசையில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். முடிந்தால் குழல் கீழ்நோக்கிச் சாயும்படி ஹோல்ஸ்டரைப் பொருத்துங்கள். துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது பைக்குள் கையை விட்டுத் துழாவாமல், ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் போட்டு, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் ஒட்டுவதே பாதுகாப்பு. பை கீழே விழும் என்பதையும் மறக்காதீர்கள். 2017இல் சிக் பி320 பிஸ்டல் சில கோணங்களில் விழுந்தால் சுடக்கூடும் என்று தெரிந்து, தயாரிப்பாளரே இலவசமாக மாற்றித் தர வேண்டியிருந்தது. டெரிஞ்சர் என்ற பழைய குட்டிக் கைத்துப்பாக்கிகளும் விழுந்தால் நம்பத்தக்கவை அல்ல. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கழிவறைதான் பைக்காரர்களின் சோதனைக்களம். கதவுக் கொக்கியில் மாட்டினால் மறப்பீர்கள், இல்லையென்றால் மேலேயிருந்து ஒரு கை வந்து எடுத்துப்போகும். கழுத்திலிருந்து கழற்றாமல் முன்னால் தொங்கவிட்டபடியே இருங்கள். ஸ்லிங் பையின் பெரிய நன்மை இதுதான். சாப்பாட்டுக் கடையிலும் கழற்றக் கூடாது. இரவில் ஹோட்டல் அறையில் சிறிய இரும்புப் பெட்டி, அதன் கம்பிவடத்தைக் கட்டிலின் இரும்புக் காலில் சுற்றிப் பூட்டுங்கள். அந்த வடத்தை நல்ல கட்டர் வெட்டிவிடும். பெருக்க வருபவரும் குழந்தையும் தொடாமல் இருக்க அது போதும். அறையில் இருக்கும் எண் போட்ட பெட்டகத்தை நம்பாதீர்கள். ஹோட்டல்காரர்களிடம் அதைத் திறக்கத் தனிக் குறியீடு உண்டு.

"கொஞ்சம் இதைப் பிடி" என்று பையை மனைவியிடமோ நண்பரிடமோ கொடுக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது கூடாது. பெர்மிட் உங்கள் பெயரில் இருக்கிறது, பையின் பெயரில் இல்லை. அதைவிட முக்கியம்: அமெரிக்க மத்தியச் சட்டப்படி எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நீங்கள் குடியுரிமை பெற்றவர், ஊரிலிருந்து வந்த தம்பி எஃப்-1இல் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்தில் அவர் தோளில் அந்தப் பையை மாட்டிவிட்டுப் போனால் அவருடைய விசாவையே பணயம் வைக்கிறீர்கள்.

சட்டத்தில் உங்கள் வழித்தடத்தின் சிக்கல் வர்ஜீனியாவுக்கு அப்பால் தொடங்குகிறது. ஆர்கன்சா, டென்னசி, வர்ஜீனியா மூன்றும் டெக்சாஸ் பெர்மிட்டை ஏற்கும். மேரிலாண்டும் நியூ ஜெர்சியும் வேறு எந்த மாநிலத்துப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் உங்கள் ஸ்லிங் பை, அனுமதியில்லாமல் மறைத்து வைத்த ஆயுதமாகிவிடுகிறது. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணை நியூ ஜெர்சியில் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா பெர்மிட்டும் இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். கைதானார், சிறைத்தண்டனை நிழலாடியது, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்த பிறகுதான் விடிவு. நேர்மையாக நடந்துகொண்டவருக்கே இந்தக் கதி.

இந்த இடத்தில் உதவுவது 1986இன் மத்தியச் சட்டம். புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் பயணிக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையும் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள பெட்டியும் கணக்கில் வராது. கவனியுங்கள், இது கடந்து போவதற்கான பாதுகாப்பு. நியூ ஜெர்சியே உங்கள் முடிவிடம் என்றால் அங்கே வைத்திருப்பதற்கு அந்த மாநிலச் சட்டம் இடம் தர வேண்டும். ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள) தோட்டாவுக்கும், பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கும் (தோட்டா அடுக்கும் கூடு) அங்கே கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எனக்குக் கேட்டால், அந்தப் பகுதிக்குத் துப்பாக்கியையே கொண்டுபோக வேண்டாம் என்பேன். கொண்டுபோவது முடிவென்றால், வர்ஜீனியா ஹோட்டல் அறையிலேயே காலையில் காலி செய்து, கெட்டிப் பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லைக்கு முன்னால் உள்ள பெட்ரோல் பங்க் வாசலில் நின்று காலி செய்யாதீர்கள். பார்த்தவர் போலீஸுக்குப் போன் போடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

காரில் விட்டுப்போவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கி டிக்கியிலோ, வெளியே தெரியாத பூட்டிய பெட்டியிலோ இருக்க வேண்டும். கொலராடோவில் 2025 ஜனவரி முதல் கெட்டிச் சுவருள்ள பூட்டிய பெட்டி கட்டாயம். துணிப்பை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அங்கே பெட்டியாகாது. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்திருக்கலாம், ஆனால் பூங்காவின் பார்வையாளர் மையம் போன்ற மத்திய அரசுக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பலகை இருக்கும். மத்திய அரசின் பள்ளி வளாகச் சட்டம் பள்ளியிலிருந்து 1,000 அடி தூரத்துக்குள் துப்பாக்கியைத் தடுக்கிறது. அதில் உரிமத்துக்கான விலக்கு, அந்த மாநிலமே தந்த உரிமம் உள்ளவருக்குத்தான்.

விமானம். இங்கேதான் ஸ்லிங் பையின் வேலை முடிகிறது. துப்பாக்கி செக்-இன் லக்கேஜில் மட்டுமே போகலாம். தோட்டா இல்லாமல், கெட்டிச் சுவருள்ள பூட்டிய பெட்டியில் வைத்து, கவுண்டரில் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பூட்டின சாவி உங்களிடம் இருக்க வேண்டும். பூட்டிய நிலையில் மூடியின் மூலையை நெம்பினால் விரல் உள்ளே போகுமென்றால் அது பூட்டிய பெட்டியாகாது. துப்பாக்கி வாங்கும்போது கூட வந்த பிளாஸ்டிக் பெட்டி பல சமயம் இதில் தேறாது. தோட்டா அதற்கான அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ செக்-இன் லக்கேஜில்தான் போகும். பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டு வரை அனுமதிக்கின்றன. மேகசினும், துப்பாக்கியின் முக்கிய பாகங்களும் கையோடு எடுத்துப்போகும் பையில் கூடாது. "உள்ளே துப்பாக்கி" என்று பெட்டியின் வெளிப்பக்கத்தில் சீட்டு ஒட்டச் சொல்ல மத்தியச் சட்டம் இடம் தரவில்லை. ஒட்ட வந்தால் பணிவாக மேலதிகாரியைக் கேளுங்கள்.

மறந்து சோதனை வரிசைக்குள் போய்விட்டால் கைது அந்த ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. அதற்கு மேல் மத்திய அரசின் சிவில் அபராதம், 2022 இறுதியில் அதன் உச்சவரம்பு 14,950 டாலராக உயர்ந்தது, பிறகும் கூடிக்கொண்டு வருகிறது. ப்ரீசெக் என்ற விரைவுச் சோதனை வரிசை வசதியும் ஐந்து ஆண்டு வரை பறிபோகலாம். வரிசையில் நிற்கும்போதே ஞாபகம் வந்துவிட்டால், எக்ஸ்ரே பட்டையில் பையை வைப்பதற்கு முன்பே வெளியேறிக் காருக்குப் போய்விடுங்கள். விமானம் போனால் போகட்டும்.

விமானம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் விதிப்படி எல்லாம் பதிவு செய்து பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பெட்டி கைக்கு வந்தது, ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் அவரே துப்பாக்கியைப் பற்றிச் சொன்னபோது கைது செய்துவிட்டார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் அவர் நஷ்டஈடு கேட்ட வழக்கு 2010இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பெட்டி அவர் கைக்கு எட்டிய அந்த இரவில், 1986 சட்டத்தின் பாதுகாப்பு போய்விட்டது என்பது நீதிமன்றத்தின் வாதம். ஆகவே திரும்பும் விமானத்தை நியூ ஜெர்சி, நியூயார்க் வழியாகப் போடாதீர்கள். அப்படியே தவறி நின்றாலும், பெட்டியைக் கையில் வாங்காமல் விமான நிறுவனத்தின் வசமே இருக்கவிடுங்கள்.

ரயிலென்றால், அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக், செக்-இன் லக்கேஜ் வசதியுள்ள நிலையங்களில் மட்டும், 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் ஏற்கும். கிரேஹவுண்ட் பேருந்திலும் கப்பல் சுற்றுலாவிலும் பேச்சே வேண்டாம். கனடாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம் இருந்தால் துப்பாக்கியை வீட்டிலேயே விடுங்கள்.

உள்துணி நிறத்துக்கு ஏன் அவ்வளவு இடம் கொடுத்தேன் என்பதற்கு வருகிறேன். துப்பாக்கியை எடுத்துவிட்ட பிறகும் ஒரு தோட்டா பைக்குள் தங்கிவிடலாம். அதே பையை இந்தியாவுக்குக் கேபின் பையாக எடுத்துப்போய் டெல்லி விமான நிலையத்தில் அந்த ஒற்றைத் தோட்டாவோடு மாட்டியவர்கள் இருக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நாள் வரும்வரை வக்கீல், வாய்தா என்று அலைய வேண்டும். எனவே துப்பாக்கி ஒருமுறை இருந்த பை காலியானாலும் கேபினுக்குள் வேண்டாம். புரட்டி உதறிச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

வாங்கியபின் உடனே பயணத்துக்கு எடுக்காதீர்கள். வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்த துப்பாக்கியோடு, பையை மாட்டி உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சீட் பெல்ட் போட்டுப் பாருங்கள். பெல்ட் பைக்கு மேல் ஓடினால் மோதலில் அந்த இரும்பு விலாவை உடைக்கும், பெல்ட் உடம்பை ஒட்டி, பை அதற்கு மேலே இருக்க வேண்டும். ஒரு வாரம் இப்படிப் போட்டுப் பார்த்து எங்கே உறுத்துகிறது, எங்கே ஜிப் மாட்டுகிறது என்று தெரிந்தபின், பயிற்சியாளர் ஒருவர் கண்முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். பல சுடுதளங்களில் பையிலிருந்து எடுத்துச் சுட அனுமதிக்க மாட்டார்கள், அதனால் போகும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.